இறுகிய முழங்கைக்கு ஆபரேஷன் ஆன பிறகு: கை அசையவும் வேண்டும், மூட்டு நழுவவும் கூடாது

எலும்பு முறிவுக்கோ மூட்டு விலகலுக்கோ பிறகு முழங்கை இறுகிப்போய், பிசியோதெரபி எல்லாம் பார்த்தும் நீளாமல், கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களைப் பார்த்துக்கொள்கிற வீட்டாருக்கும்தான், ஏனென்றால் முதல் ஆறு வாரம் பாதி வேலை அவர்கள் தலையில்தான் விழும்.

இந்த ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இருக்கிற பயம் பெரும்பாலும் ஒன்றுதான்: மறுபடி இறுகிவிடுமோ. நியாயமான பயம், இறுகவும் செய்யும். ஆனால் இறுக்கத்தை விடுவிக்கும்போது மூட்டைப் பிடித்திருக்கும் சில பாகங்களையும் தொட வேண்டியிருக்கும், அப்போது மூட்டு தளர்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. விளைவு, ஒரு வீட்டில் பயந்துபோய் கையை ஸ்லிங்கிலேயே தொங்கவிட்டு மறுபடி இறுக விடுகிறார்கள், இன்னொரு வீட்டில் வலித்தாலும் பரவாயில்லை என்று பிடித்து இழுத்து, எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் அசை, கொஞ்சம் ஓய்வெடு என்று நடுவில் நிற்பதும் சரியான வழி இல்லை. நிறைய அசைக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும், ஆனால் மூட்டு நழுவ முடியாத நிலையில் கையை வைத்துக்கொண்டு அசைக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த நிலையைப் பற்றித்தான்.

முதலில், மூட்டைப் பிடித்து வைத்திருப்பது எது

முழங்கையில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. மேல்கை எலும்பின் அடிநுனி ஒரு உருளை மாதிரி இருக்கும், முன்கையின் உள்பக்க எலும்பு, அதாவது சுண்டுவிரல் பக்க எலும்பு, அதைக் கொக்கி போலக் கவ்விப் பிடித்திருக்கும். நாம் மேஜையில் ஊன்றுகிற அந்தக் கூர்முனைதான் கொக்கியின் பின்பகுதி. முன்பகுதி சின்னதாக ஒரு மூக்கு மாதிரி நீண்டிருக்கும், மூட்டு பின்பக்கமாக நழுவாமல் தடுப்பது அதுதான். அந்த மூக்கில் பாதி போய்விட்டாலே மூட்டு நிலைகொள்ளாது. வெளிப்பக்கம் இருக்கிற இன்னொரு எலும்பின் வட்டத் தலை ஒரு முட்டுக்கொடுப்பு.

எலும்புகளுக்கு அப்புறம் ஜவ்வு. உள்பக்க ஜவ்வில் முன்பட்டை, பின்பட்டை என்று உண்டு. முன்பட்டைதான் உயிர், அதை வெட்டக் கூடாது. பின்பட்டை இறுகினால் கை மடங்காது, அதனால் மடக்கம் குறைந்தவர்களுக்கு அறுவை மருத்துவர் அதைத் தெரிந்தேதான் விடுவிப்பார், முன்பட்டை நன்றாக இருக்கும்வரை அதனால் மூட்டு தளராது. வெளிப்பக்க ஜவ்வு போனால் நிலைமை வேறு: முன்கை மொத்தமாகச் சுழன்று பின்பக்கமும் வெளிப்பக்கமுமாக நழுவும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஓ'டிரிஸ்கால் 1991ல் இந்த நழுவலைத் தெளிவாக விவரித்தார். அதற்கு முன்பு இதைக் கண்டுபிடிக்காமலே விட்டவர்கள் ஏராளம், ஏனென்றால் மேலோட்டமாகச் சோதித்தால் மூட்டு சரியாகவே தெரியும்.

மூன்றாவது, தசைகள். இருதலைத் தசை, முத்தலைத் தசை, முன்கையின் பிடித்தசைகள் எல்லாம் மூட்டைக் குறுக்கே கடந்து போகின்றன, அவை சுருங்கும்போது எலும்புகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கின்றன. ஆபரேஷன் ஆன கையில் நம் கட்டுப்பாட்டில் இருப்பது இந்த மூன்றாவது மட்டும்தான்.

டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டே ஆக வேண்டியவை

எல்லோருக்கும் ஒரே ஆபரேஷன் நடப்பதில்லை. சிலருக்கு மூட்டைச் சுற்றிய தடித்த உறையை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள், ஜவ்வைத் தொட்டிருக்க மாட்டார்கள். சிலருக்கு வேண்டாத இடத்தில் வளர்ந்த எலும்பை எடுத்திருப்பார்கள். சிலருக்கு உள்ளே போக வழி வேண்டி வெளி ஜவ்வை எலும்பிலிருந்து எடுத்து, கடைசியில் மறுபடி தைத்திருப்பார்கள். இந்த மூவரும் ஒரே பயிற்சியைச் செய்யக் கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்யக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்தப் பக்க ஜவ்வைத் தொட்டீர்கள், தைத்தீர்களா? ஆபரேஷன் மேஜையில் கை எத்தனை டிகிரி நீண்டது, எத்தனை மடங்கியது? ஆபரேஷன் அறையிலேயே படம் காட்டும் சி ஆர்ம் எக்ஸ்ரேயில் அசைத்துப் பார்த்தபோது எந்தக் கோணத்திலாவது மூட்டு திறந்ததா? பயிற்சியின்போது உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? முழுசாக நீட்டலாமா, இல்லை ஒரு எல்லை உண்டா? சுண்டுவிரல் பக்க நரம்பை இடம் மாற்றினீர்களா? இவற்றுக்கான பதில்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் நல்லது, பெரும்பாலும் இருக்காது. பிசியோதெரபிஸ்ட் வேறு இடத்தில் இருந்தால் இந்தப் பேப்பர்தான் அவருக்கு வழிகாட்டி, இது இல்லாமல் அவர் ஊகித்துத்தான் செய்வார்.

உள்ளங்கை பற்றிய கேள்வி ஏன் என்றால், வெளி ஜவ்வைத் தைத்திருந்தால் உள்ளங்கை கீழே பார்க்க வேண்டும், அந்த நிலையில் முன்கை எலும்பு இறுகி உட்கார்ந்துகொள்ளும். உள் ஜவ்வைத் தைத்திருந்தால் உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். இரண்டையும் தைத்திருந்தால் கட்டைவிரல் மேலே பார்க்கிற நடுநிலை. எந்த ஜவ்வையும் தொடவில்லை, மேஜையிலேயே மூட்டு உறுதியாக இருந்தது என்றால் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் தேவைப்படாது, அவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

இலக்கு எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1981ல் எலும்பு மருத்துவர் மோரேயும் அவர் குழுவும் அளந்து சொன்னது, கை முழுசாக நேராக நீண்டால் 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை அசைந்தால் போதும், முன்கை இருபக்கமும் 50 டிகிரி திரும்பினால் போதும் என்று. பிறகு மொபைலைக் காதில் வைக்க இன்னும் கொஞ்சம் மடக்கம் வேண்டும் என்று தெரியவந்தது. எப்படியானாலும் கடைசி பத்து டிகிரி நீட்டத்துக்காக உயிரை விட வேண்டாம். ஜவ்வைப் பணயம் வைக்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு கிடையாது.

முதல் சில நாட்கள்

வீக்கம்தான் முதல் எதிரி. மூட்டுக்குள் நீர் தேங்கினால் கை தானாகவே 80 டிகிரி பக்கம் மடங்கி நின்றுவிடும், ஏனென்றால் உறைக்குள் அதிக இடம் கிடைப்பது அந்தக் கோணத்தில்தான். அங்கேயே விட்டால் அங்கேயே இறுகும். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் வைத்திருங்கள், ஐஸை துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், விரல்களை முழுசாக மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். கட்டு இறுக்கமாக இருந்து விரல் நீலமானாலோ, மாத்திரைக்குக் கட்டுப்படாத வலி வந்து விரலை யாராவது நீட்டினாலே உயிர் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலி மாத்திரையை வலி வந்தபின் போடுவதைவிட பயிற்சிக்கு அரைமணி, முக்கால் மணி முன்னால் போடுவது புத்திசாலித்தனம்.

இந்தக் கட்டத்தில் எடுக்கிற எக்ஸ்ரேயில் ஒரு விஷயம் பலரைப் பயமுறுத்தும். பக்கவாட்டுப் படத்தில் உருளைக்கும் கொக்கிக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை எச்சரிக்கைக் குறியாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மயக்க ஊசியாலும் வலியாலும் தசைகள் சோர்ந்து கிடக்கும்போது முன்கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்து இந்த இடைவெளியை உண்டாக்கலாம், தசை விழித்துக்கொண்டதும் அது மூடிக்கொள்ளும். மூடவில்லை என்றால்தான் ஜவ்வின் மேல் சந்தேகம். அதனால் மருத்துவர் அனுமதித்த அன்றே கையை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்குகிற பயிற்சியைத் தொடங்குங்கள்: முழங்கையை 90 டிகிரியில் வைத்து, மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மடக்குவது போல ஐந்து விநாடி, நீட்டுவது போல ஐந்து விநாடி, மெதுவாக அழுத்தம் கொடுத்து விடுங்கள். கூடவே உருட்டிய கைக்குட்டையை இறுகப் பிடித்து விடுங்கள். சின்னப் பயிற்சியாகத் தெரியும், மூட்டை உள்ளே உட்கார வைப்பது இதுதான்.

ஸ்லிங் போட்டால் முழங்கைக்கு அடியில் தாங்கல் இருக்க வேண்டும். தொளதொளவென்று மணிக்கட்டை மட்டும் தாங்கும் ஸ்லிங் மூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்.

படுத்துக்கொண்டு செய்யும் பயிற்சி

நிலையில்லாத முழங்கைக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு நீட்டினால் முன்கையின் எடை மூட்டைப் பிரித்து இழுக்கும். மல்லாந்து படுத்து மேல்கையைக் கூரையை நோக்கி நேராகத் தூக்கினால் அதே எடை மூட்டை உள்ளே அழுத்தும். ஒரே அசைவுதான், ஆனால் ஒன்று நழுவ விடுகிறது, இன்னொன்று பிடித்து வைக்கிறது.

செய்யும் விதம் இப்படி. கட்டிலில் மல்லாந்து படுங்கள். மேல்கை தோளிலிருந்து செங்குத்தாக மேலே, முழங்கை கூரையைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் விரியக் கூடாது. மற்றக் கையால் ஆபரேஷன் ஆன கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளி ஜவ்வு தைத்தவர்கள் என்றால், முழங்கை மடங்கியிருக்கும்போது உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, புறங்கைதான் முகத்தைப் பார்க்க வேண்டும். கையை மேலே நீட்டும்போது உள்ளங்கை கால் பக்கம் பார்க்க வேண்டும். பாதியில் கை தானாகத் திரும்பிக்கொள்ளும், கவனம் அங்கேதான். இப்போது கை நெற்றியை நோக்கி மெதுவாக இறங்கட்டும், எடையே இழுத்துக்கொள்ளும், கடைசியில் மற்றக் கை கொஞ்சம் உதவலாம், ஐந்து பத்து விநாடி நில்லுங்கள். பிறகு சொந்தத் தசையால் மேலே நீட்டுங்கள், சொல்லப்பட்ட எல்லை வந்ததும் நிறுத்துங்கள்.

ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து தடவை, நாளுக்கு நாலைந்து முறை. காலையில் ஒரு மணி நேரம் போட்டு அடித்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா இருப்பதைவிட, நாள் முழுக்கப் பிரித்துச் செய்வது எவ்வளவோ மேல். முன்கையைத் திருப்புகிற பயிற்சியும் உண்டு, அதை முழங்கை 90 டிகிரியாவது மடங்கியிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். வெளி ஜவ்வு தைத்தவர்கள் கையை நீட்டி வைத்துக்கொண்டு உள்ளங்கையை மேலே திருப்புவது, அதாவது காணிக்கை வாங்குவது போல் கையை நீட்டுவது, ஆறு வாரம்வரை கூடவே கூடாது.

அப்புறம், எண்ணெய் போட்டு நீவுவது. நம் ஊரில் எலும்பு சம்பந்தமான எதற்கும் முதலில் யாராவது ஒரு வைத்தியர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். மற்ற மூட்டு எப்படியோ போகட்டும், முழங்கையை அழுத்தி நீவினால், பலமாகப் பிடித்து மடக்கினால், தசைக்குள் இரத்தம் கசிந்து அங்கே எலும்பு வளரத் தொடங்கும். இறுகிய முழங்கைகளில் கணிசமானவை அப்படித்தான் இறுகின. பிசியோதெரபிஸ்ட்டே பலவந்தமாக அழுத்தினாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் வலி அடங்க வேண்டும். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம்.

எலும்பு வளர்வதைத் தடுக்க இண்டோமெதசின் மாத்திரையைச் சில வாரங்களுக்குக் கொடுப்பதுண்டு. சில இடங்களில் ஆபரேஷனை ஒட்டி ஒரே ஒரு தவணை கதிர்வீச்சும் கொடுப்பார்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பது ஆகியவற்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இண்டோமெதசின் எல்லோருக்கும் ஒத்துவராது.

ஆபத்து பயிற்சியில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது

பயிற்சியை எல்லோரும் பயந்து பயந்து ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். மூட்டைக் கெடுப்பது யோசிக்காமல் செய்கிற அசைவுகள்.

முதலிடம் தரையிலிருந்து எழுவதற்கு. பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழ வேண்டும். கை தானாகப் பின்னால் போய் உள்ளங்கை தரையில் ஊன்றும், விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும், முழங்கை கிட்டத்தட்ட நீண்டிருக்கும், உடம்பின் எடை முழுக்க அதன் மேல் சுழன்றபடி ஏறும். ஓ'டிரிஸ்கால் விவரித்த நழுவலுக்கு என்னென்ன விசை வேண்டுமோ அத்தனையும் அந்த ஒரு அசைவில் இருக்கிறது. பலரும் பழக்கதோஷத்தில் செய்துவிட்டு "சுருக்கென்றது" என்று வருவார்கள். மூன்று மாதம் தரையில் உட்காராதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் கைப்பிடியை ஊன்றி எழ வேண்டாம். இந்திய பாணிக் கழிவறையில் சுவரைப் பிடித்து எழுவதற்கும் மற்றக் கைதான்.

இரண்டாவது, கையைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு எதையாவது தூக்குவது. குளிக்கும்போது வாளியிலிருந்து மக்கில் தண்ணீரை மொண்டு தோளுக்கு மேலே கொண்டுபோகிறீர்களே, அப்போது முழங்கை பக்கவாட்டில் உயர்ந்து, முன்கையும் மக்கும் கீழ்நோக்கி இழுக்க, வெளிப்பக்க ஜவ்வு பிளந்துகொண்டு நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீர் சின்ன எடைதான், ஆனால் முன்கையின் நீளம் அதைப் பெருக்கிவிடும். வெறும் கையை விரித்துத் தூக்கினாலே முன்கையின் எடை அந்த ஜவ்வில் ஏறும், அதனால் மக்கு இல்லை என்பதற்காகவும் விரிக்க வேண்டாம். பயிற்சி நேரம் தவிர, முழங்கை எப்போதும் விலாவை ஒட்டியே இருக்கட்டும். தலை வாருவது, துணி காயப்போடுவது, அலமாரியின் மேல்தட்டில் டப்பா எடுப்பது எல்லாம் இதே கணக்கு.

பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்காதீர்கள், பிரேக் போட்டால் முடிந்தது கதை. தூங்கும்போது கை கட்டிலுக்கு வெளியே தொங்காமல் முழுக்கைக்கும் அடியில் தலையணை வேண்டும். டூவீலர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் மூன்றாவது வாரமே வண்டியை எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்: ஒவ்வொரு பள்ளத்திலும் உடம்பின் எடை ஹேண்டில் வழியாக முழங்கையில் இறங்கும்.

ஸ்பிளிண்ட், பிரேஸ், வெளிக் கம்பி

மெதுவாக இழுத்துப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் கொடுத்தால் போடுங்கள். திருகைச் சுற்றி நீட்டக் கோணத்தைக் கூட்டும் வகை என்றால், இழுக்கிற உணர்வு வர வேண்டும், வலி வரக் கூடாது. அரைமணி நேரம் வைத்து, நடுவில் ஒன்றிரண்டு முறை ஒரு சுற்று கூட்டுவார்கள். ஜவ்வு தைத்தவர்களுக்கு இதை எப்போது தொடங்கலாம் என்பது மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம், அவசரப்படாதீர்கள். கீல் வைத்த பிரேஸ் நீட்டத்தின் எல்லையைக் காக்க நல்லது, ஆனால் சதையின் மேல் கட்டுவதால் பக்கவாட்டு விசையை அது முழுசாகத் தடுக்காது. பிரேஸ் போட்டிருக்கிறேனே என்று மக்கைத் தூக்காதீர்கள்.

மேஜையிலேயே மூட்டு நிற்காமல் போனால் கீல் வைத்த வெளிக் கம்பியை எலும்பில் மாட்டி அனுப்புவார்கள், பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், உண்மையில் அது மாட்டியவர்கள் தைரியமாக அசைக்கலாம், மூட்டு அந்தக் கீலின் பாதையை விட்டு விலகாது. கம்பி நுழையும் இடத்தைத் தினமும் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். தெளிந்த நீர் கொஞ்சம் கசிவது சகஜம். சீழ், சிவப்பு, கம்பி ஆடுவது, காய்ச்சல் எதுவும் சகஜம் இல்லை.

நழுவுகிறதா, வெறும் சத்தமா

அசைக்கும்போது கரகரவென்று ஒரு ஓசை வரும். பெரும்பாலும் வடுதிசு உரசுவதுதான், தனியாக அது மட்டும் இருந்தால் பயம் வேண்டாம். நழுவல் வேறு மாதிரி: குறிப்பிட்ட ஒரு கோணத்தில், பெரும்பாலும் நீட்டி முடிக்கப் போகும்போது, "டொக்" என்று ஒரு இடமாற்றம், கூடவே கை உங்களுடையதே இல்லை என்பது போல ஒரு தயக்கம். உள்ளங்கை மேலே பார்க்கும்போது வந்து கீழே திருப்பினால் வராமல் போனால் வெளி ஜவ்வின் மேல்தான் சந்தேகம். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழச் சொல்லிச் சோதிப்பது மருத்துவரின் வேலை, வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். "டொக்" வந்த கோணத்தையும் உள்ளங்கை பார்த்த பக்கத்தையும் குறித்துக்கொண்டு, அந்தக் கோணத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போனால், அல்லது கை மடங்க மடங்க அங்கே மின்சாரம் பாய்ந்தால், உள்பக்க நரம்பு நெருக்கப்படுகிறது. பல வருடம் மடங்காமல் இருந்த கை திடீரென்று மடங்கும்போது இந்த நரம்பு இழுபடும். இதுவும் தள்ளிப்போடக் கூடாதது, அடுத்த செக்கப்வரை காத்திருந்தால் விரலிடுக்குத் தசைகள் வற்றத் தொடங்கிவிடும்.

நன்றாகக் கூடிக்கொண்டு வந்த அசைவு நாலாவது, ஐந்தாவது வாரத்தில் திடீரென்று குறைந்து, தொட்டால் சூடாகவும் இருந்தால் புதிய எலும்பு வளர்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

எடை எப்போது தூக்கலாம்

ஆறு வாரம்வரை சாப்பிடுவது, எழுதுவது, சட்டை பட்டன் போடுவது, அவ்வளவுதான், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து. ஆறு வாரத்துக்கு மேல், எக்ஸ்ரே சரியாக இருந்தால், ஜவ்வு தைத்தவர்களுக்கும் உள்ளங்கைக் கட்டுப்பாட்டை மெல்லத் தளர்த்துவார்கள், லேசான எடைப் பயிற்சி தொடங்கும். தண்ணீர் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தையைத் தூக்குவது, ஜிம் எல்லாம் குறைந்தது மூன்று மாதம் கழித்து, சிலருக்கு ஆறு மாதம். மேஜையில் கிடைத்த அசைவு அப்படியே கையில் நிற்காது, முதல் சில வாரத்தில் கொஞ்சம் குறைந்து பிறகு மெல்ல ஏறும், அந்த ஏற்றம் ஆறு மாதம், ஒரு வருடம்வரைகூடப் போகும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே ஆளை வைத்து அளந்து எழுதுங்கள், தினமும் அளந்தால் மனசுதான் கெடும்.

அத்தனையும் செய்தும் மூட்டு தளர்வாகவே நின்றுவிட்டால், மணிக்கட்டில் பலருக்கும் இருக்கிற, எடுத்தாலும் குறை தெரியாத ஒரு மெல்லிய தசைநாரை எடுத்து வெளி ஜவ்வைப் புதிதாகக் கட்டும் ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் இறுகிய முழங்கையில் மறுபடி கத்தி வைத்தால் மறுபடி இறுகும் வாய்ப்பும் கூடவே வரும். அதனால் எக்ஸ்ரேயில் மட்டும் இடைவெளி தெரிகிறது, அன்றாட வேலையில் நழுவல் இல்லை என்றால் தசைப் பயிற்சியைத் தொடர்ந்து சில மாதம் பொறுத்துப் பார்ப்பவர்களே அதிகம். நழுவல் உணர்வு நிஜமாகவே இருந்தால் பொது எலும்பு மருத்துவரோடு நிறுத்தாமல், முழங்கை அறுவையில் பழக்கமுள்ள ஒருவரிடம் பழைய எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் குறிப்பின் நகல் கேட்டால் மருத்துவமனை கொடுக்க வேண்டும்.